காதுக்குக் கூடும் குதிரைத்திறன்

டர்போ காருக்கு வெளிச்சந்தையில் வாங்கி மாட்டும் ஏர் இன்டேக் முதலில் கூட்டுவது சத்தத்தை. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டர்போ 'உஸ்ஸ்' என்று மூச்சிழுப்பது உள்ளே கேட்கும். கேட்ட காது, கார் பறப்பதாகத் தீர்ப்பெழுதிவிடும். இன்ஜின் கணினிக்குக் காது கிடையாது. விதிக்கப்பட்ட பூஸ்ட் அழுத்தம் எட்டியதும் அது வேஸ்ட்கேட்டைத் திறந்து, மிச்சப் புகையை டர்பைனுக்குள் விடாமல் வெளியே அனுப்பிவிடும். வடிகட்டியில் தடை குறைந்தால் டர்போவுக்கு வேலை கொஞ்சம் மிச்சம், அவ்வளவே.

கம்பெனி கொடுத்த கறுப்பு வடிகட்டிப் பெட்டிக்கு அழகு போதாதுதான். ஆனால் அது பெரும்பாலும் கிரில் பக்கத்துக் குளிர்காற்றை எடுக்கும். அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்த கூம்பு வடிகட்டியை நிறுத்தினால், அது இன்ஜின் சூட்டையே குடிக்கும். இன்டர்கூலர், பாவம், முடிந்தவரை ஆற்றிக் கொடுக்கும். காற்றின் அளவைச் சொல்லும் சென்சார் பொருந்திய குழாயின் விட்டம் மாறினால் வம்பு பெரிது. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற கார்களில் ட்யூன் செய்யாமல் மாட்டினால், பெட்ரோல் கலவை மெலிந்து இன்ஜின் 'நாக்' அடிக்கலாம். பருத்தி வடிகட்டிக்குத் தாராளமாகப் பூசிய எண்ணெயும் சென்சார் கம்பியில் போய் ஒட்டும்.

பெரிய டர்போ, ஏற்றிய பூஸ்ட், முறையான ட்யூன் எல்லாம் உள்ள காருக்கு நல்ல இன்டேக் உண்மையிலேயே தேவை. மற்றவர்கள் அழுக்கேறிய வடிகட்டியை மாற்றினாலே போதும்.