முன்வரிசை மாமா

வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவராவது இருப்பார். அரசாங்கக் கந்தோரில் பென்ஷன் எடுத்தவர். சட்டைப்பையில் இரண்டு பேனை, கக்கத்தில் குடை, குடைக்குள் சுருட்டிய வீரகேசரி. காலிமுகத்திடலிலோ விகாரமகாதேவிப் பூங்காவிலோ படையினரின் பாண்ட் வாசிக்கப்போகிறது, அதுவும் சும்மா என்று காதில் விழுந்தால் போதும், 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிவிடுவார். நிகழ்ச்சி ஆறு மணிக்கென்றால் மாமா நாலரைக்கே ஆஜர். கதிரை அடுக்கும் சிப்பாய்க்கு எந்தக் கதிரையின் கால் ஆடும் என்று காட்டிக்கொடுப்பவர் அவர்தான்.

காசு கொடுத்துக் கச்சேரிக்குப் போகமாட்டாரா? "ஐசே, சங்கீதம் என்ன விக்கிற சாமானே?" என்பார். மரக்கறிக் கடையில் கறிவேப்பிலைக்குக் காசு கேட்டாலும் இதே தொனிதான்.

முதல் வரிசை வெள்ளை உறை போட்டது, பெரிய அதிகாரிகளுக்கு. மாமா அதற்கு அடுத்த வரிசையில் பொறுமையாகக் காத்திருப்பார். இரண்டாவது உருப்படி முடிந்தும் அதிகாரி வரவில்லையா, உறைக்கு மேல் மாமா.

காலிமுகத்திடலை 1859இல் அமைத்து முடித்த ஆளுநர் சர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காக இந்த இடத்தைப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வருகிறவர்களுக்குக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார். பென்ஷன்காரரைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. மாமா குடையைச் சாத்தி வைப்பது அந்தக் கல்லில்தான்.

பாண்ட் ஆரம்பித்ததும் கண் மூடும், கை தொடைக்குப் போகும். "சங்கராபரணம்!" மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் சங்கராபரணமும் ஒரே சுரவரிசை, இராணுவ அணிநடை மெட்டுகளில் பெரும்பாலானவை அதில்தான் நடக்கின்றன. ஆகவே இந்த ஒரு ராகத்தை வைத்துக்கொண்டே மாமா வருஷக்கணக்காகப் பிழை விடாமல் காலம் தள்ளுகிறார். யாராவது சிரித்தால் முத்துசுவாமி தீட்சிதரை இறக்குவார். தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் கும்பினிப் பட்டாளத்து பாண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அவைதான். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டிலேயே சியாமளையைத் துதித்துவிட்டார். இவ்வளவும் உண்மை. "தீட்சிதர் மட்டும் டிக்கெட் எடுத்தே கேட்டவர்?" என்பது மாமா தன் கணக்கில் சேர்த்துக்கொள்வது.

கொட்டாஞ்சேனைக்காரர் வேறு ரகம். பள்ளிக்கூட நாளில் கோர்னெட் ஊதியவர், திருநாள் பவனிகளில் கன்னம் வீங்கியவர். ராகமெல்லாம் அவருக்குத் தூசு. "மூன்றாவது ட்ரம்பெட் சுருதி இறங்கி நிக்கிறான்" என்று நாலு வரிசைக்குக் கேட்கச் சொல்வார். இரண்டு பேரும் அருகருகே அகப்பட்டால் பாண்ட் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொழுது போய்விடும்.

அவர்கள் ஒத்துப்போகும் ஒரே இடம் கர்னல் போகி. 1914இல் ஒரு பிரித்தானிய பாண்ட் மாஸ்டர் எழுதிய மெட்டு. 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தில் கைதிகள் சீழ்க்கையடித்தபடி வருவார்களே, அது. படம் பிடித்தது நம்முடைய கித்துல்கலையில். ஆகவே மெட்டும் நம்முடையது என்பது இருவர் கட்சியும். படத்துக்காகப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்ததை நேரில் பார்த்ததாகவும் இருவரும் சொல்கிறார்கள். அப்போது ஒருவர் தொட்டிலில், மற்றவர் பிறக்கவேயில்லை.

எந்த பாண்டும் கடைசியில் பைலாவுக்கு இறங்கியே தீரும். கொட்டாஞ்சேனைக்காரர் எழும்பி ஆடிவிடுவார். மாமா எழும்பமாட்டார், ஆனால் முழங்கால் சொன்னபடி கேட்காது. பைலா என்று வாயால் சொல்லவும் மாட்டார். "திஸ்ர நடை, ஐசே!"

இதே மாமாவுக்கு ஒருகாலத்தில் காலி வீதியில் சீருடை தெரிந்தாலே கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போகும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, இரண்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில். பாண்ட்காரர் அணிவகுத்து வரும்போது இன்றைக்கும் அந்தக் கை ஒருமுறை பையைத் தொட்டுப் பார்க்கும். பேனை கழன்றுவிட்டதா என்று பார்த்தாராம். வாத்தியங்களில் அவருக்குப் பிடித்தது ட்யூபா. சுருதிக்காக அல்ல. "ரெண்டு கையும் அதுக்குள்ள. அட்டை கேக்க ஏலாது, பாருங்கோ."

முடிவில் தேசிய கீதம். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சுதந்திர தினத்தில் அதைத் தமிழில் பாடியது 2016இல் பெரிய செய்தி. மாமா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பாண்டில் மெட்டு மட்டும்தானே, சொல் அவரவர் வாய்க்குள். அவர் தமிழில் முணுமுணுப்பார், பக்கத்துக் கதிரை சிங்களத்தில். இரண்டும் ஒரே சுரத்தில் போய் முடியும்.

பிறகு நேரே பாண்ட் மாஸ்டரிடம் போவார். கை குலுக்குவார். "வெரி குட். நெக்ஸ்ட் டைம், எந்தரோ மகானுபாவுலு?" பாண்ட் மாஸ்டருக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் விறைப்பாக நின்று, "யெஸ் சேர்" என்பார்.

அந்த 'சேர்' போதும். பஸ் கொண்டக்டர், லிஃப்ட் பையன், மரக்கறிக் கடைக்காரர், கனடாவில் இருக்கும் மகள் என்று எல்லோருக்கும் அதைச் சொல்லி முடிக்க மாமாவுக்கு ஒரு கிழமை எடுக்கும்.