ஹாபி என்ன, தம்பி?

பொறியியல் படித்துவிட்டு வேலை தேடும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் ரெஸ்யூமை நம்புவதென்றால், நம்மூர் நூலகங்களில் உட்கார இடமே கிடைக்கக் கூடாது. முக்கால்வாசிப் பேருக்கு ஹாபி 'புத்தகம் வாசித்தல்'தான். காரணம் எளிது. அந்த வரியை அவர்கள் எழுதவே இல்லை. சீனியர் அண்ணன் கொடுத்த ஃபைலில் பேரையும் போன் நம்பரையும் மாற்றி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்ததோடு வேலை முடிந்தது. அவசரத்தில் அப்பா பேரை மாற்ற மறந்து, அண்ணனின் அப்பாவுக்கே மகனாக இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இதெல்லாம் தெரியாதவர் அல்ல. அவரும் ஒரு காலத்தில் யாரோ ஒரு சீனியரிடம் ஃபைல் வாங்கியவர்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக ஆரம்பிப்பார்.

"கடைசியா என்ன புத்தகம் படிச்சீங்க, தம்பி?"

"அக்னிச் சிறகுகள், சார்."

"வெரி குட். யார் எழுதினது?"

"அப்துல் கலாம், சார்."

"அவர் மட்டுமா?"

ஏசி அறையிலும் தம்பிக்கு வியர்க்கும். கலாமோடு சேர்ந்து எழுதியவர் அருண் திவாரி. 1999-இல் வந்த ஆங்கிலப் பதிப்பின் அட்டையிலேயே பேர் இருக்கிறது.

"சரி, அதுல உங்களுக்குப் பிடிச்ச பகுதி எது?"

"எல்லாமே, சார்."

பரிதாபம் என்னவென்றால், தம்பி அந்தப் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களை மட்டுமாவது புரட்டியிருந்தால் பிழைத்திருப்பார். கலாம் இன்டர்வியூவில் தோற்ற கதையே அங்கேதான் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த கலாமுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்த தொழில்நுட்பப் பிரிவிலிருந்து. இன்னொன்று டேராடூனில், விமானப்படைத் தேர்வு வாரியத்திலிருந்து. மனசு முழுக்க விமானம் ஓட்டுவதில்தான். டேராடூனில் 25 பேர் கலந்துகொண்டார்கள். எடுத்துக்கொண்டது 8 பேரை. கலாம் ஒன்பதாவது. படிப்பறிவைவிட ஆளின் தோரணையைத்தான் அங்கே அதிகம் பார்த்ததாக அவர் எழுதுகிறார். நொந்துபோய் ரிஷிகேஷுக்குப் போனார், சுவாமி சிவானந்தரைப் பார்த்தார், டெல்லி திரும்பினார். 1958-இல் அந்தத் தொழில்நுட்பப் பிரிவு வேலை கைக்கு வந்தது. அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய்.

2006 ஜூனில், முப்படைகளின் தலைவரான குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய் போர் விமானத்தில் ஏறி அவர் பறந்தார். டேராடூனில் மார்க் போட்ட அதிகாரிகளில் யாராவது அதை டிவியில் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்பது நம் கற்பனைக்கு.

தோற்ற கதையைத் தானே எழுதிவைத்துவிட்டதால், அதைத் தோண்டி எடுக்கும் வேலையை கலாம் யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை. தம்பி செய்தது நேர் எதிர். படிக்காதது பெரிய குற்றமில்லை. "இல்ல சார், எல்லாரும் போடுறாங்கன்னு போட்டேன். நெஜமா நான் ஆடுறது கேரம்" என்று சிரித்திருந்தால், எதிரில் இருப்பவரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இன்டர்வியூவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் முதல் தப்பு அல்ல. அதன்மேல் போடும் பூச்சு.

இந்தப் பூச்சுக்கு நம்மிடம் ஒரு முழுநீளப் படமே இருக்கிறது. 1981-இல் பாலசந்தர் எடுத்த 'தில்லு முல்லு'. மீசை இல்லாதவனை நம்பாத முதலாளி தேங்காய் சீனிவாசன். அவருக்குப் பிடித்த மாதிரி உடையும் பேச்சும் மாற்றிக்கொண்டு வேலை வாங்குகிறார் ரஜினி. பிறகு மாட்டிக்கொள்ளாமல் இருக்க மீசையில்லாத ஒரு இரட்டைச் சகோதரன் பிறக்கிறான். வீட்டில் இல்லாத ஒரு அம்மாவும் தேவைப்படுகிறார், சௌகார் ஜானகி வந்து சேர்கிறார். ஹிந்தியில் ஹிரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' 1979-இல் செய்த அதே கூத்துதான். சினிமாவில் இரண்டரை மணி நேரம் தாங்கும். நிஜ இன்டர்வியூவில் மூன்றாவது கேள்விக்கே மீசை கழன்று மேஜையில் விழுந்துவிடும்.

டெல்லி ஷாஜகான் சாலையில் தோல்பூர் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். குடிமைப்பணித் தேர்வின் கடைசிப் படி அதற்குள்தான். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275. அந்த அறைக்குப் போகும் முன் நிரப்பித் தரும் விரிவான விண்ணப்பத்திலும் நம் பழைய நண்பன் ஹாபி காத்திருக்கிறான். அண்ணா நகர் பயிற்சி மையங்களில் மாதிரி நேர்முகம் நடத்துபவர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஆளை உலுக்குவார்கள். 'தோட்டக்கலை' என்று எழுதியவரிடம் மல்லிக்கு எந்த மாதம் கவாத்து என்று கேட்பார்கள். 'சமையல்' என்று எழுதியவர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பருப்புக் கணக்கு சொல்ல வேண்டியிருக்கும். அங்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் வித்தை ஒன்று உண்டு: தெரியாததற்கு "தெரியவில்லை, சார்" என்று முகம் சுளிக்காமல் சொல்வது. சொல்லிப் பார்த்தால் தெரியும், சுலபமில்லை. எல்.கே.ஜி.யிலிருந்து தெரியாததையும் கைதூக்கிச் சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் நாம்.

'தெரியாது' என்று சொன்னவர்களில் ஆகப் பெரியவர் ஐன்ஸ்டீன்தான். 1921-இல் தாமஸ் எடிசன், தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை நீட்டினார். பிரான்ஸின் எல்லையில் உள்ள நாடுகள் எவை, வோல்கா நதி எங்கே ஓடுகிறது என்கிற ரகம். கேள்விகள் பத்திரிகையில் கசிந்து அமெரிக்கா முழுவதும் அதுவே பேச்சாகிவிட்டது. அந்தச் சமயத்தில் பாஸ்டனுக்கு வந்த ஐன்ஸ்டீனிடம் நிருபர்கள், ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் கிடைக்கிற விஷயத்தைத் தலையில் சுமந்து திரிவதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார் மனிதர். எடிசன் கணக்கில் ஃபெயில். (இதைப் படித்துவிட்டு ஆக்ஸிலரேஷன் தெரியாத மெக்கானிக்கல் தம்பிகள் ஐன்ஸ்டீன் பதிலைச் சொல்லக் கிளம்ப வேண்டாம். அதற்கு முன்னால் சார்பியல் கோட்பாடு ஒன்றைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.)

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதிலேயே தேறியவர் நம்மூர்க்காரர். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுள் இன்டர்வியூவுக்குப் போன நாள் 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் அறிவிப்பு வந்ததும் அன்றுதான். "ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று வந்தவர்களெல்லாம் கேட்க, இவருக்கோ இது ஏப்ரல் ஃபூல் விளையாட்டோ என்று சந்தேகம். பயன்படுத்திப் பார்க்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவதாக வந்தவர், பார்த்ததே இல்லையா என்று கேட்டுத் திறந்தே காட்டிவிட்டார். ஐந்தாவது ஆள் அதே கேள்வியைக் கேட்டபோதுதான் கருத்துச் சொல்ல இவரிடம் ஏதோ இருந்தது. இதை 2017-இல் கரக்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களிடம் அவரே சொன்னார். முதல் ஆளிடமே "சூப்பர் சார், தினமும் யூஸ் பண்றேன்" என்று அடித்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று காலைதான் பிறந்த சரக்கை இவர் எங்கே தினமும் பயன்படுத்தினார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

இதெல்லாம் வாயால் வரும் வினை. கையால் வருவது வேறு. பேனல் அன்போடு காபி வரவழைக்கும். டபராவைத் தொட்டாலே சுடும். குடிக்காவிட்டால் மரியாதைக் குறைவோ என்று பயம், குடித்தால் பதில் சொல்ல வாய் இல்லை. டம்ளரைத் தூக்கும் அதே நொடியில் "உங்க பலவீனம் என்ன?" என்று கேள்வி வரும். வெள்ளைச் சட்டையில் காபி இறங்கும். இனி பலவீனத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டை நனைந்தவர்களுக்கு ஆறுதலாக 1966-இல் வந்த ஒரு ஆய்வு இருக்கிறது. எலியட் ஆரன்சனும் இரு சகாக்களும் மின்னசோட்டா மாணவர்களுக்கு ஒலிநாடாக்களைப் போட்டுக் காட்டினார்கள். வினாடி வினா அணியில் இடம் கேட்டு வந்த ஒருவரின் நேர்காணல். ஒரு நாடாவில் 92 சதவீதம் சரியாகச் சொல்கிறார், இன்னொன்றில் 30 சதவீதம்தான். சில நாடாக்களின் கடைசியில் அவர் புது சூட்டின் மேல் காபியைக் கொட்டிக்கொள்கிறார். கெட்டிக்காரர் கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது. 30 சதவீதக்காரர் கொட்டியபோது இருந்த கொஞ்ச மதிப்பும் போனது. ஆக, காபியைக் கொட்டலாம். ஆனால் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கறையைப் பற்றியும் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு, ஒரு பாடகரின் படம் போட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சமான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பியது. பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர். 2000-இல் வெளியான ஆய்வு இது. பட்டன் போன சட்டையை ஃபைலால் மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து உள்ளே வருபவர்கள், பட்டனைவிட அந்த நடையால்தான் கண்ணில் படுகிறார்கள்.

ஆன்லைன் இன்டர்வியூ வந்ததும் சட்டை பிரச்சினை பாதியாகக் குறைந்தது. மேலே டை, கீழே லுங்கி. சார்ஜர் எடுக்க எழுந்திருக்காதவரை எல்லாம் நலம். பின்னாலிருந்து குக்கர் விசில் அடித்தால் பல்லைக் கடிக்காமல் "ஒரு நிமிஷம் சார், வீட்ல சமையல்" என்று சொல்லிவிட்டால் போதும். எதிர்த் திரையில் இருப்பவர் வீட்டிலும் குக்கர் இருக்கிறது. ஏஐயிடம் கேட்டு, பக்கத்துத் திரையில் வரும் பதிலைப் படிப்பதுதான் விவகாரம். வாய் ஒரு பக்கம் பேச, கண் இடமிருந்து வலமாக ஓடும். அந்த ஓட்டத்தைத் தாங்க முடியாமல் நிறுவனங்கள் மறுபடி நேரில் கூப்பிடத் தொடங்கிவிட்டன. கூகுளும் ஒரு சுற்றாவது நேரில் வைக்கும் என்று 2025-இல் சொன்னவர் அதே பிச்சைதான்.

கேட்பவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பேனல் என்றால் தப்பே செய்யாது என்று நாம் நினைப்பதுதான் பாதி உதறலுக்குக் காரணம். எல்லோருக்கும் ஒரே கேள்விகளை வைத்து நடத்தும் முறையான நேர்காணல், ஆளின் வேலைத் திறனை ஓரளவு நன்றாகவே கணிக்கிறது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் அரட்டை நேர்காணல் அந்த அளவுக்குக் கணிப்பதில்லை. 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஷ்மிட்டும் ஹன்டரும் சொன்னது இது. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற மாதிரிப் புதிர்கள் வெறும் நேர விரயம் என்று 2013-இல் ஒப்புக்கொண்டவர் கூகுளின் அப்போதைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக். நம் மத்திய அரசோ 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தையே எடுத்துவிட்டது.

கேட்பவர்கள் பக்கத் தப்புகளின் சிகரம் 2006 மே 8 அன்று லண்டன் பிபிசியில் நடந்தது. காங்கோ நாட்டைச் சேர்ந்த கை கோமா, கம்ப்யூட்டர் பிரிவு வேலைக்கான இன்டர்வியூவுக்காக வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். அதே நேரத்தில் கை கியூனி என்கிற தொழில்நுட்பப் பத்திரிகையாளரை நேரலைக்கு அழைத்துப் போக ஒருவர் ஓடி வந்தார். "கை?" என்று காதில் விழுந்ததும் இவர் எழுந்துவிட்டார். முகத்துக்கு மேக்கப் போட்டார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கு எதற்கு பவுடர் என்று கேட்கத் தோன்றவில்லை. பெரிய நிறுவனம், இப்படித்தான் இருக்கும் போல. காலரில் மைக் மாட்டினார்கள். கேமரா முன் உட்கார வைத்தார்கள். தொகுப்பாளர் கேரன் போவர்மேன் வேறொருவர் பேரைச் சொல்லி அறிமுகப்படுத்திய நொடியில் கோமாவின் வாய் திறந்து, கண் விரிந்து, புருவம் ஏறியதை இன்றும் வீடியோவில் பார்க்கலாம். ஆப்பிள் கோர் என்கிற இசை நிறுவனத்துக்கும் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கும் இடையிலான வழக்கில் அன்று வந்த தீர்ப்பு ஆச்சரியம் அளித்ததா என்று கேள்வி. ரொம்ப ஆச்சரியம், இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை என்றார் கோமா. அந்த நிகழ்ச்சி முழுவதிலும் வந்த ஆகச் சத்தியமான பதில் அது. நிஜக் கியூனி வேறொரு வரவேற்பறையில் உட்கார்ந்து, தன் பேரில் இன்னொருவர் பேசுவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிவிடாமல், அழாமல், மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் கோமா இறங்கினார். சற்று நேரத்தில் அவருடைய சொந்த இன்டர்வியூவும் நடந்தது. உலகத்துக்கே அவர் முகம் தெரிந்துபோனது. வேலைதான் கிடைக்கவில்லை.