வாதம் அடித்தது கையை மட்டுமா?

கே: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம். பிசியோதெரபிஸ்ட் வந்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இந்த வீம்பை எப்படி உடைப்பது? (வாசகி, இலஞ்சி)

ப: வீம்பு என்று யாரம்மா சொன்னது? வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. மூளையில் கால் அசைக்கும் இடம் மட்டும் அடிபடுவதில்லை; மனசை நடத்தும் இடமும் அடிபடலாம். நேற்றுவரை தானே வேட்டி கட்டியவர், இன்று இன்னொருவர் கட்டிவிடக் காத்துக் கிடக்கிறார். அந்த வேதனை வேறு. பசி இல்லை, விடியுமுன் விழிப்பு, பேரனைக் கண்டாலும் முகம் மலரவில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இது குணப்படுத்தக்கூடிய நோய்.

கே: சாரல் தொடங்கிவிட்டது. வாதம் வந்தவர் குற்றாலம் பேரருவியில் தலையைக் காட்டினால் புத்தி தெளியும் என்கிறார் பெரியம்மா. (மேலகரம்)

ப: வழுக்குப் பாறை, பலமில்லாத கால், பிடரியில் அறையும் தண்ணீர். வேண்டவே வேண்டாம். ஆனால் குற்றாலத்துக்குக் கட்டாயம் போங்கள். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய், சாரல் முகத்தில் படும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். திரும்பும்போது ரம்புட்டானுக்கு அவரே பேரம் பேசட்டும். விழுங்குவதில் சிரமம் இல்லாதவர் என்றால், ஒரு பழத்தை விழுந்த கையில் வைத்து, நல்ல கையால் உரிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஆகட்டும். பிடுங்கி உரித்துக் கொடுத்துவிடாதீர்கள்!

கே: வாதம் வந்தபின், சும்மா இருக்கும்போதே அழுகிறார், துஷ்டி வீட்டில் சிரித்துவிட்டார். மூளை குழம்பிவிட்டதா? (செங்கோட்டை)

ப: இல்லை. அழுகைக்கும் சிரிப்புக்கும் மூளை போட்டிருந்த கடிவாளம் தளர்ந்திருக்கிறது. இது மனச்சோர்வு அல்ல; இரண்டும் சேர்ந்தும் வரலாம். மருந்து உண்டு. துஷ்டி வீட்டாரிடம் நீங்களே போய் விளக்குங்கள். அவர் கூனிக்குறுக வேண்டாம்.

கே: மனச்சோர்வு மாத்திரை போட்டால் கையும் சீக்கிரம் வருமாமே? (சுரண்டை)

ப: வராது. பிரிட்டனில் வாதம் வந்த 3,127 பேரை வைத்து ஃப்ளூஆக்சிடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. கை கால் மீள்வதில் வித்தியாசமே இல்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. ஆகவே மனச்சோர்வு இருந்தால் டாக்டர் எழுதித் தரட்டும். இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்க்க, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையையும் அவரிடம் காட்டுங்கள்.

கே: "இனி நான் எதுக்கு?" என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன பதில் சொல்ல? (ஆய்க்குடி)

ப: பதில் இருக்கட்டும், முதலில் கேளுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் ஊர் எஸ். ராமகிருஷ்ணனைத் தெரிந்திருக்கும். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வாதம் அல்ல, தண்டுவடக் காயம். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயரில், மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது 1981-ல். 2020-ல் பத்மஸ்ரீ. "அவரைப் பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் குத்திக் காட்டிவிடாதீர்கள். விழுந்ததற்கும் தொடங்கியதற்கும் நடுவே அவருக்கே ஆறு வருஷம் ஆயிற்று.