ஐம்பதில் வளைவது எப்படி?

ஜனவரி பிறந்தால் போதும், பனி கொட்டும் அமெரிக்க ஊர்களிலிருந்து ஒரு கூட்டம் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் விமானம் ஏறும். பல் டாக்டர், வக்கீல், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ரிடையரான கணக்கு வாத்தியார் எல்லோரும் அதில் உண்டு. பன்னிரண்டு வயதில் பேஸ்பால் கோச் மட்டும் சரியாகக் கண் திறந்து பார்த்திருந்தால் இன்று நம் கதையே வேறு என்ற நம்பிக்கை ஒவ்வொருவருக்கும் உண்டு. அங்கே பெரிய லீக் பேஸ்பால் அணியின் சீருடையை மாட்டிக்கொண்டு, அந்த அணியின் பழைய ஆட்டக்காரர்களிடம் பயிற்சி பெற்று, அவர்களுடைய மைதானத்திலேயே சுமார் ஒரு வாரம் மேட்ச் ஆடலாம். இதற்குப் பெயர் ஃபேன்டஸி கேம்ப். கட்டணம் சில ஆயிரம் டாலர். குறைந்தபட்ச வயது கேம்புக்குக் கேம்ப் மாறும். மேல்வரம்பு கிடையாது. அந்தப் பெருந்தன்மையில்தான் ஆபத்தே இருக்கிறது.

நீங்கள் பணம் கட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

வீட்டில் சொல்லும்போது, 'உடம்புக்கு நல்லது' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நொண்டிக்கொண்டு திரும்பி வரும் அன்று அந்த வாதம் உங்களுடனேயே வாசற்படி ஏறும். 'சின்ன வயதுக் கனவு' என்று சொல்லுங்கள். அதற்கு எக்ஸ்ரே எடுக்க முடியாது.

பிறகு கொஞ்சம் வரலாறு படித்துக்கொள்ளுங்கள். சிகாகோ கப்ஸ் அணியின் கேட்சராக இருந்த ராண்டி ஹண்ட்லி, 1983இல் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் இந்த வழக்கத்தைத் தொடங்கினார். ரசிகர்களோடு ஆட அவர் அழைத்து வந்தவர்கள் 1969 கப்ஸ் அணிக்காரர்கள். அந்த வருடம் கப்ஸ் நெடுநாள் முன்னணியில் இருந்துவிட்டு, கடைசியில் நியூயார்க் மெட்ஸுக்கு 8 ஆட்டம் பின்தங்கி முடித்தது. 1908க்குப் பிறகு அதுவரை சாம்பியன் பட்டத்துக்கான உலகத் தொடரையே வெல்லாத அணி. ஆக, தோற்றவர்களோடு சேர்ந்து தோற்கக் காசு கொடுப்பதுதான் இதன் ஆதி தத்துவம். அங்கே போய் யாரும் ஜெயித்துக் காட்டத் தேவையில்லை.

இன்னொரு தகவலும் உண்டு. ஹண்ட்லி 1968இல் ஒரே சீசனில் 160 ஆட்டங்களில் பேட்டருக்குப் பின்னால் கேட்சராகக் குந்தியிருந்தவர். உங்கள் அணியில் கேட்சர் இடம் காலியாக இருக்கிறது, யார் வருகிறீர்கள் என்று கேட்டால், ஷூ லேஸ் கட்டுவதற்குக் குனிந்துகொள்ளுங்கள். அந்தக் குனிதலே அன்றைக்குப் போதுமான பயிற்சி.

புதுக் கிளவுஸ் வாங்குகிறவர்கள் இப்போதே வாங்கிவிட வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது முறம் மாதிரி விறைத்துக் கிடக்கும். எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்துக் கட்டி, மெத்தைக்கு அடியில் போட்டுப் படுத்து எழுந்தால் நாளடைவில் வழிக்கு வரும். பேட் விஷயம் வேறு. பள்ளிக்கூடத்தில் நீங்கள் வீசியது அலுமினியம். கேம்பில் பெரும்பாலும் மரம். பந்து கைப்பிடி அருகே பட்டால் விரல் நுனியிலிருந்து பல் வரை அதிரும், பேட்டும் உடையலாம். உடைந்தால் துண்டுகளைப் பத்திரப்படுத்தி ஒரு பழைய நட்சத்திரத்திடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் வீட்டுச் சுவரைப் பார்த்து யாராவது விசாரித்தால், பந்தின் வேகத்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும்.

கிரிக்கெட்டில் வளர்ந்த நம்மவர் யாராவது போவதாக இருந்தால் தனியாக ஒரு வார்த்தை. ஃபைன் லெக் பக்கம் நளினமாகத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றால் அம்பயர் 'ஃபவுல்' என்பார். ஓடும்போது பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஓட வேண்டாம் என்று கையைக் காட்டி நிற்கவும் வழியில்லை. நல்ல பந்தாக உள்ளே விழுந்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும்.

அந்த ஓட்டத்தில்தான் எல்லாமே முடிகிறது. பந்தை அடிக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து முதலில் ஓடிச் சேர வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸுக்கு 90 அடி, சுமார் இருபத்தேழு மீட்டர். டிவியில் பார்க்கும்போது நான்கே எட்டு. கேம்புக்குத் தயாராகிறேன் என்று மாதக்கணக்கில் பேட்டிங் கூண்டில் இயந்திரம் வீசும் பந்தை விளாசுகிறவர்கள், விளாசிய பின் ஓட வேண்டும் என்பதை ஒரு நாளும் ஒத்திகை பார்ப்பதில்லை. மூளை 'ஓடு' என்று உத்தரவு போடும். தொடையின் பின்தசை அதை எழுத்து மூலம் கேட்கும். பாதி வழியில் ஒரு கை தானாகப் பின்தொடையைப் பிடித்தால் உங்கள் கேம்ப் முடிந்தது. மீதி நாட்களுக்கு நீங்கள் அணி உட்காரும் டக்அவுட்டில் சூரியகாந்தி விதை கொறிக்கும் பார்வையாளர்.

ஆகவே பயிற்சி இப்படி இருக்கட்டும். பூங்காவில் அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள். திடீரென்று இருபத்தேழு மீட்டர் தலைதெறிக்க ஓடுங்கள். மறுபடி இருபது நிமிடம் நில்லுங்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி, பேஸ்பால் என்பது இதுதான். முதல் வாரம் பாதி வேகம் போதும், அதற்கு முன் தசைகளை நீவிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட் பேஸை மிதித்துவிட்டுத் தாண்டி ஓடலாம், விதி அனுமதிக்கிறது. அங்கே சறுக்கி விழுந்து வீரம் காட்ட வேண்டியதில்லை. இரண்டாம் நாள் காலையில் ஐஸ் கட்டிக்கும் பிளாஸ்திரிக்கும் டிரெய்னர் அறை வாசலில் வரிசை நிற்கும். சீக்கிரம் போனால் ஐஸ் கிடைக்கும்.

சில்லறையாக டாலர் நோட்டுகள் எடுத்துப் போங்கள். கங்காரு கோர்ட் என்று ஒன்று கூடும். பழைய ஆட்டக்காரர்களே நீதிபதிகள். தொப்பியைக் கோணலாக வைத்தது, லட்டு கேட்சை விட்டது, களத்தில் நிற்கும்போது போன் அடித்தது என்று எதற்கும் அபராதம் போடுவார்கள். எதிர்வாதம் செய்தால் இன்னும் கூடும். தொழில்முறை வக்கீல்கள் தயவுசெய்து வாயைத் திறக்காமல் இருக்கவும்.

பழைய நட்சத்திரங்களிடம் உங்கள் பள்ளிக்கூட மேட்ச் கதையைச் சொல்லாதீர்கள். அவர்கள் கதையைக் கேளுங்கள். கட்டிய பணத்தில் உண்மையாகவே மதிப்புள்ள பங்கு அதுதான் என்பது என் எண்ணம். உங்கள் பெயர் போட்ட லாக்கரும் உங்கள் படம் போட்ட பேஸ்பால் கார்டும் அதற்கு அடுத்தபடிதான்.

ஒன்று மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை. செம்மண்ணும் புல்கறையும் அப்பிய உங்கள் சீருடை மறுநாள் காலை வெளுத்து மடித்து லாக்கரில் இருக்கும். இரவெல்லாம் கண்விழித்து அதைத் துவைக்கிற கிளப்ஹவுஸ் பணியாளர்களுக்கு, கடைசி நாள் ஓர் உறையில் தாராளமாக டிப்ஸ் வைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.