உறுமல் அண்ணாச்சி

தென்காசியில் மெட்டல் ரசிகர்கள் வார்டுக்கு ஒருவர் தேறினால் அதிகம். ஆனால் எவரைப் பார்த்தாலும் ஒரே வார்ப்பு. கறுப்பு டி-ஷர்ட். அதில் இருக்கும் பேண்டின் பெயரைப் போட்டிருப்பவரைத் தவிர ஒருத்தராலும் வாசிக்க முடியாது. சாரல் காலத்தில் அது மூன்று நாளானாலும் காயாது. அண்ணாச்சி அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வந்து அப்பா காலத்து உரக்கடையைத் திறப்பார். வயது நாற்பதை நெருங்கும். 2009-இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு ஸ்வீடன் மெட்டல் பேண்டான ஓபெத் வந்தபோது தோள்வரை இருந்த முடியைச் சுழற்றியதாகச் சொல்வார். இப்போது சுழற்ற முடி இல்லை, கழுத்து வலி மட்டும் இருக்கிறது.

அண்ணாச்சிக்கு ஜிஎஸ்டி கவலை உண்டு, சர்க்கரை உண்டு. தீராத மனக்குறை வேறு: மெட்டலில் அடித்தொண்டையால் உறுமிக்கொண்டிருந்தவர்களெல்லாம் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

வழக்கை மெட்டாலிகாவிலிருந்து தொடங்குவார். 1986-இன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். 1991-இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து வேகத்தைக் குறைத்து, பாட்டைச் சுருக்கி, கறுப்பு அட்டை ஆல்பம் போட்டார்கள். உலகமே வாங்கியது. அதுதான் முதல் குற்றம். “96-ல முடியையும் வெட்டிட்டானுவ மக்கா, சோலி முடிஞ்சுது” என்பார். 2011 அக்டோபர் 30 அன்று அவர்கள் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது, அந்தக் கறுப்பு ஆல்பப் பாட்டுக்கும் தொண்டை கிழியக் கத்தியவர் இவர்தான். கேட்டால், “கூட்டத்துல எல்லாரும் கத்துனா நாம சும்மா நிக்க முடியுமால?”

அதே வருஷம்தான் ஓபெத்தும் கைவிட்டது. 2003-இல் ‘டாம்னேஷன்’ என்று முழு ஆல்பமும் மெல்லிசையாகப் போட்டபோது, ஏதோ புரட்டாசி விரதம் என்று மன்னித்திருந்தார். 2011-இல் ‘ஹெரிடேஜ்’ வந்தது. பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் உறுமலையே விட்டுவிட்டார். அடுத்து வந்த மூன்று ஆல்பத்திலும் மருந்துக்குக்கூட ஒரு உறுமல் இல்லை. அண்ணாச்சியின் போனில் ஓபெத் 2008-ஓடு நின்றுவிட்டது.

காதுக்குப் பிடிக்காததை ஒதுக்குவது ஊருக்குப் புதிதில்லை. ரசிகமணி டி.கே.சி. தென்காசிக்காரர், கடைசிக் காலத்தில் வாழ்ந்தது குற்றாலம். தம் காதுக்கு ஒவ்வாத பாட்டெல்லாம் கம்பர் பாட்டே அல்ல, எவனோ இடையில் செருகியது என்று தள்ளிவிட்டுக் கம்பராமாயணம் பதிப்பித்தவர். அண்ணாச்சி டி.கே.சி.யை ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை; தண்ணீர்வாகு போலிருக்கிறது. டி.கே.சி.க்கு ஒரு சௌகரியம், கம்பர் எழுந்து வந்து மறுக்கமாட்டார். அண்ணாச்சியின் கம்பர்களோ உயிரோடு இருந்து, “இதுதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது” என்று பேட்டி வேறு கொடுக்கிறார்கள்.

சீசனில் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் குற்றாலப் பேரருவிக்கு வரலாம். வீட்டில் உறுமினால் அம்மா திருநீற்றோடு ஓடி வந்துவிடுகிறார். அருவிக்கடியில் எல்லோரும்தான் கத்துகிறார்கள். அரைமணி நேரம் அடிவயிற்றிலிருந்து உறுமி எடுத்துவிட்டு, ஜலதோஷத்தோடு வீடு திரும்புவார்.

மெலடியின் கொடுமை ஸ்வீடனோடு நின்றதா? போன கொடைக்குச் சுடலைமாடன் கோயிலில் நையாண்டி மேளம், வரிசையாகச் சினிமாப் பாட்டு. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. மேளக்காரரிடமே போய்விட்டார்.

“என்ன பெரியவரே, நீங்களுமா?”

“கேக்கதத்தான தம்பி வாசிக்க முடியும்? நூறு ரூவா அன்பளிப்பு குடும், உறுமிய அடிச்சுக் கிழிச்சிருதேன்.”

கொடுத்தார். மைக்கில் பேர் சொன்னார்கள். உறுமி கிளம்பிய வேகத்தில் பக்கத்தில் நின்றவருக்கு அருள் வந்தது. அண்ணாச்சி கையிரண்டையும் தூக்கி, ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ஆடினார். இவருக்கும் சாமிதான் வந்துவிட்டது என்று பூசாரி ஒரு கை திருநீறு அள்ளிப் பூசினார்.

2024 நவம்பரில் ஓபெத்தின் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ வந்தது. பதினாறு வருஷத்துக்குப் பிறகு ஆக்கர்ஃபெல்ட் மறுபடி உறுமினார். கடைப்பையன்தான் ஓடி வந்து செய்தி சொன்னான். அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கி, ஹெட்போனை மாட்டி, முழுசும் கேட்டார். பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உறுமுதான். ஆனா இது அவன் உறுமல் இல்லடே” என்றார்.