கணக்கைத் திற, வாயை மூடு

1938 அக்டோபர் 30 அன்று இரவு, செவ்வாய்க் கிரகத்துக் கூட்டம் ஒன்று நியூஜெர்சியில் வந்து இறங்கியது. இறங்கிய இடம் கிரோவர்ஸ் மில். வெஸ்ட் வின்ட்சர் டவுன்ஷிப்பைச் சேர்ந்த சின்னப் பகுதி. நடந்தது என்னவோ ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகம்தான். நிஜமென்று நம்பிப் பதறியவர்களும் உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து, 1988இல், அந்தப் படையெடுப்பின் நினைவாக வான் நெஸ்ட் பூங்காவில் வெண்கல நினைவுச்சின்னமே வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்காரன் வந்தது ஊரைக் கொளுத்த. அவனிடம் யாரும் ஐ-797 ஒப்புதல் காகிதம் கேட்கவில்லை. ‘விசா ஸ்டாம்பிங் முடிஞ்சுதா, ஸ்லாட் எப்போ?’ என்று விசாரிக்கவில்லை. கொடுத்துவைத்த பயல்.

அதே ஊரில் இப்போது குடியிருக்கும் நம் ஆட்கள் எதையும் கொளுத்த வரவில்லை. விடிந்தும் விடியாமலும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து, நியூயார்க்கில் எவனோ எப்போதோ எழுதிவைத்த கோடுக்கு உயிர் கொடுக்க வந்தவர்கள். சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்குமாக 7.65 சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள். அதை அனுபவிக்கும் வயதுவரை இங்கே இருக்க விடுவார்களா என்பது அந்தப் பெருமாளுக்கே வெளிச்சம். பள்ளிக்கூடம் நன்றாயிருக்கிறதென்று வீடு வாங்கினால் ஐந்திலக்க டாலரில் சொத்து வரி. ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் பர்மிட்டுக்கும் வரிசை.

பர்மிட் வரிசையைக் குறை சொல்லக்கூடாது. அது ஒரு பயிற்சி. கிரீன் கார்டு வரிசை என்று ஒன்று இருக்கிறதே. 2025 அக்டோபர் விசா புல்லட்டினைப் பார்த்தால், மேற்படிப்புக்காரர்களுக்கான இபி-2 பிரிவில், இந்தியாவில் பிறந்தவர்களில் 2013 ஏப்ரலுக்கு முந்திய விண்ணப்பத் தேதிக்காரர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000; பொதுவாக எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் நாலு லட்சம் பேர் இருக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இதுதான் சமநீதி.

இந்த ஊரில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அப்பா எச்-1பி வேலை விசா, அம்மா அவரைச் சார்ந்த எச்-4. சென்னையில் பிறந்த மூன்று வயது மூத்தவனும் எச்-4. பக்கத்துப் பிளெயின்ஸ்பரோ மருத்துவமனையில் பிறந்த சின்னவள் அமெரிக்கக் குடிமகள். ஒரே கிண்ணத்துப் பருப்புச் சோற்றை அடித்துக்கொண்டு தின்னும் இரண்டு பிள்ளைகள், இரண்டு நாடுகள். கும்பகோணத்தில் ஒரு பாட்டி. பேத்தியின் கன்னத்தைக் கைபேசித் திரையில் தடவிப் பார்த்து, தெரியாமல் அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தவிக்கிற பாட்டி.

சின்னவளுக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டால் விமானத்தில் தனி சீட்டு வாங்க வேண்டும். அதற்குள் மடியில் வைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது ஊரறிந்த கணக்கு. நெவார்க்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. தோஹாவிலோ பிராங்க்பர்ட்டிலோ அகால வேளையில் இறங்கி, மடங்காத ஸ்ட்ரோலரை உதைத்து மடக்கி, டயப்பரை மாற்றி, மூத்தவன் தொலைத்த ஒற்றைச் செருப்பைத் தேடி, அடுத்த விமானத்துக்கு ஓடலாம். இதெல்லாம் கஷ்டமே இல்லை. பிள்ளை பெற்ற எந்தச் சாதியும் எந்த நாடும் படுகிற பாடு. நம்மவர்களின் கஷ்டம் வேறு: போகலாம், திரும்பி வர முடியுமா?

பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியானாலும் அமெரிக்காவுக்குள் வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், வரி கட்டலாம். இந்தியாவுக்குப் போனால் மட்டும் புது முத்திரை இல்லாமல் திரும்ப உள்ளே வர முடியாது. முத்திரையையும் அமெரிக்காவுக்குள் போட மாட்டார்கள். 2004 வரை போட்டுக்கொண்டிருந்தார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும்வரை மாப்பிள்ளை, தெருவில் இறங்கி வெற்றிலை வாங்கப் போனால் வழிப்போக்கன் என்கிற மாமனார் வீட்டு உபசாரம் இது.

2025ஆம் ஆண்டில் இந்த உபசாரம் உச்சத்துக்குப் போனது. நேர்காணல் இல்லாமல் விசாவைப் புதுப்பிக்கும் ‘டிராப்பாக்ஸ்’ வசதியில் பெரும்பகுதி செப்டம்பர் 2 முதல் போயிற்று. அதுவரை 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நேர்காணல் பெரும்பாலும் தேவைப்படவில்லை. இனி அவர்களும் நேரில் வர வேண்டும். அதாவது, மூன்று வயது மூத்தவன் சென்னை அண்ணா மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்து வரிசையில் நின்று, கண்ணாடித் தடுப்புக்கு எதிரே அதிகாரியைச் சந்திக்க வேண்டும். என்ன கேட்பார்களாம்? ‘தம்பி, உன் பிழைப்புத் திட்டம் என்ன? வந்த வேலை முடிந்ததும் ஊர் திரும்புவாயா?’ அவனுக்கு இப்போதைக்கு இருக்கும் ஒரே திட்டம், தூதரகத்துத் தரையில் கார் ஓட்டுவது.

சிரிக்காதீர்கள், அமெரிக்க அரசுக்கு முன்னனுபவம் உண்டு. ஜாக் வைல் என்ற மூத்த குடியேற்ற நீதிபதி, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கே தாம் குடியேற்றச் சட்டம் கற்றுத் தந்ததாக வழக்கொன்றில் வாக்குமூலம் கொடுத்தது 2016இல் செய்தியானது. 2017இல் இங்கிலாந்தில் ஒரு தாத்தா, பேரனுக்கான பயணப் படிவத்தில் பயங்கரவாதக் கேள்விக்கு நேரே தவறுதலாக ‘ஆம்’ என்று குறித்துவிட்டார். மூன்று மாதக் குழந்தையை லண்டன் தூதரகத்துக்கு வரவழைத்து விசாரித்தார்கள். பல் முளைக்காத பயங்கரவாதி பிடிபடாமல் தப்பிவிட்டான்.

செப்டம்பர் 6 அன்று அடுத்த அறிவிப்பு: விசாவுக்குச் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து நாட்டுக்கு ஓடி முத்திரை வாங்கி வந்த கெட்டிக்காரர்களின் வழியும் அடைபட்டது.

செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. எச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். நம் பணத்தில் ஏறக்குறைய 88 லட்சம். பக்கத்தில் நின்ற வர்த்தகத் துறை அமைச்சர் லட்னிக் ஆண்டுதோறும் என்கிற மாதிரிப் பேசினார். நடைமுறைக்கு வரும் நேரம் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். நம்மூர்க் கடிகாரத்தில் செப்டம்பர் 21 காலை 9.31. அன்றைக்கு என்ன நாள் தெரியுமா? மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கவும் மறுநாள் தொடங்கும் நவராத்திரிக்குக் கொலு வைக்கவும் ஊர் வந்திருந்த பிள்ளைகளுக்குக் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல்: 24 மணி நேரத்துக்குள் அமெரிக்காவுக்குள் இரு. எள்ளும் தண்ணீரும் விட வந்தவன் விமானச் சீட்டுக்கு எள்ளும் கொள்ளும் வெடிக்க அலைந்தான். சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பத் தயாராய் நின்ற துபாய் விமானத்திலிருந்து இந்தியர்கள் இறங்கினார்கள். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகிறோம் என்று புதுச்சட்டை மாட்டிவிட்ட பிள்ளையிடம், ஏன் இறங்குகிறோம் என்பதற்கு என்ன சொல்லியிருப்பார்கள்?

கையெழுத்தான மறுநாள் வெள்ளை மாளிகை சாவகாசமாக விளக்கம் சொன்னது: இது ஒருமுறைக் கட்டணம், புது விண்ணப்பங்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் போகலாம், வரலாம். மூன்று மடங்கு காசு கொடுத்துத் திரும்பியவர்களுக்கு அந்தக் காசை யார் கொடுப்பார்கள் என்பது பற்றி விளக்கம் எதுவும் இல்லை. டெல்லி வெளியுறவுத் துறையும் சும்மா இருக்கவில்லை. குடும்பங்களுக்கு ஏற்படும் இடையூற்றால் மனிதாபிமான விளைவுகள் உண்டாகலாம், அமெரிக்க அதிகாரிகள் தக்கபடி கவனிப்பார்கள் என்று நம்புகிறோம் என்று அறிக்கை விட்டது. நம்பிக்கைதானே வாழ்க்கை.

டெல்லியிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது. அமெரிக்கக் குடிமகளான சின்னவள் பாட்டி வீட்டுக்குப் போக இந்தியாவும்தான் காகிதம் கேட்கிறது. வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டைப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத பாப்பாவின் கட்டைவிரலை மையில் அழுத்திக் கட்டத்துக்குள் ஒற்ற வேண்டும். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்துக் கற்றாளே அந்தக் கும்பகோணத்துப் பாட்டி, அவளைப் பார்க்கப் போவதற்குப் பேத்தி வைக்கும் கைநாட்டு.

இனி டிசம்பர். 15ஆம் தேதி முதல் எச்-1பிக்காரர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். சார்ந்தவர்கள் என்றால் மூன்று வயது மூத்தவனும் அடக்கம். கோகோமெலன் குழந்தைப் பாட்டு பார்த்ததைத் தவிர அவனுக்கு இணையத்தில் வேறு நடமாட்டம் இல்லை. அதில் ராஜதுரோகம் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்பதை அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும். இத்தனை பேரின் கணக்கையும் புரட்ட நேரம் வேண்டுமாம். அதனால் டிசம்பரில் ஸ்லாட் கிடைத்து, சீட்டு வாங்கி, ஊருக்கே வந்துவிட்டவர்களின் நேர்காணல் 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. பழைய தேதியில் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவோம் என்று தூதரகம் எச்சரிக்கையும் விட்டது. இரண்டு வார லீவில் வந்தவன் மூன்று மாதம் மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்து, சம்பளம் நிற்குமா என்று கணக்குப் போட்டான். வெஸ்ட் வின்ட்சரில் வீட்டுக் கடன் தவணை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

குடும்பத்தோடு பயணம் போவது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் 2025 ஏப்ரலை நினைத்துப் பார்க்க வேண்டும். துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், தெலுங்கு வம்சாவளி மனைவி உஷாவோடும் மூன்று சின்னப் பிள்ளைகளோடும் இந்தியா வந்தார். பிள்ளைகளுக்கு இந்திய உடை. டெல்லி அக்ஷர்தாம், ஜெய்ப்பூர்க் கோட்டை, ஆக்ரா தாஜ்மகால். பிரதமர் வீட்டில் ஆளுக்கொரு மயிலிறகு. நம் தொலைக்காட்சிகள் உருகி வழிந்தன: ‘அமெரிக்காவின் இரண்டாவது குடும்பத்தில் நம் ரத்தம்!’ பிள்ளைகள் மேல் பிழையே இல்லை. அம்மா வழி மண்ணைப் பார்க்க எல்லாப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் என்பதுதான் இங்கே விஷயம். அவர்கள் திரும்பிப் போய் ஐந்து மாதம் ஆவதற்குள், அதே ஆட்சி அதே ரத்தத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது. மயிலிறகு கொடுத்தவர்கள் உரக்க ஒரு சொல் சொல்லவில்லை.

நாமும் சொல்லவில்லை. வெஸ்ட் வின்ட்சர்ப் பெற்றோர்களுக்குக் கோபமே வராது என்று எண்ணிவிடாதீர்கள். 2015இல் வந்தது. வெஸ்ட் வின்ட்சர் – பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோர்களுக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்களை மனநல மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று சொல்லி, பிள்ளைகளின் பாரத்தைக் குறைப்போம் என்றார். இடைத்தேர்வும் இறுதித்தேர்வும் போயின; நாலாம் ஐந்தாம் வகுப்புக்கான துரிதக் கணக்கும் போனது. அவ்வளவுதான். ஆசியப் பெற்றோர்களில் பலர் பொங்கி எழுந்தார்கள். கணக்கைக் குறைக்காதே, தரத்தைத் தாழ்த்தாதே! பிள்ளைக்கு ஒரு அல்ஜீப்ரா குறைந்தால் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடுங்கத் தெரிந்த சமூகம், பிள்ளைக்குப் பாட்டி இல்லாமல் போனால் வாட்ஸ்ஆப் குழுவில் ‘எனி அப்டேட்ஸ்?’ என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

ஏனென்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. ‘நாம சட்டப்படி வந்தவங்க, நமக்கு ஒண்ணும் ஆகாது’ என்றார்கள், எல்லையில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தபோது. இப்போது சட்டப்படியே ஆகியிருக்கிறது. ‘எதுக்கு வம்பு, எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருக்கு’ என்பது அடுத்த பதில். அதிலே நியாயம் இருக்கிறது. கணக்கைத் திறந்து வைக்கச் சொன்னதே அதற்காகத்தான். படிப்பதற்கு அதிகாரிக்கு நேரம் ஏது? எவனாவது படிக்கிறான் என்ற பயத்தில் நீ எழுதாமல் இருந்தால் போதும். கணக்கைத் திற, வாயை மூடு. 2025ஆம் ஆண்டின் விசாக் கொள்கை மொத்தமும் இந்த நான்கு சொல்லில் அடங்கிவிடும்.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 2024 ஜனவரி 29 முதல் ஏப்ரல் 1 வரை, 20,000 பேர் வரைக்கும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு சோதனைத் திட்டம் நடத்தியது. முன்பு இந்தியாவிலோ கனடாவிலோ விசா வாங்கிய எச்-1பிக்காரர்கள் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பினார்கள். முத்திரை விழுந்து வீட்டுக்கே வந்தது. மனைவி மக்களைச் சேர்க்கவில்லை என்ற குறை உண்டு. ஆனால் யாரும் மேம்பாலத்தடியில் நிற்கவில்லை, யாருடைய வேலையும் போகவில்லை, அமெரிக்கா அழிந்துவிடவும் இல்லை. ஆக, உள்நாட்டிலேயே முத்திரை போட முடியும், போட்டும் காட்டினார்கள், வேண்டுமென்றேதான் இப்போது போடாமல் இருக்கிறார்கள்.

வரிசையில் நிற்பவனுக்கு வாக்கு இல்லை, பயம் இருக்கிறது, அவனை விட்டுவிடுவோம். இதே தெருவில், இதே வரிசையில் நின்று வென்று, குடியுரிமைச் சத்தியமும் செய்து, வாசலில் கொடியும் நட்டு வைத்திருக்கும் அண்ணன்களும் மாமாக்களும் அத்தைகளும் இருக்கிறார்களே, கேள்வி அவர்களுக்கு. வேட்பாளர் நிதி திரட்ட வந்தால் ஆயிரம் டாலர் கொடுத்துத் தோளோடு தோள் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த அரை நிமிடத்தில், ‘2024இல் போட்ட முத்திரையை மறுபடியும் ஏன் போடவில்லை, பிள்ளைகளையும் சேர்த்து எப்போது போடுவீர்கள்?’ என்று கேட்கலாம். உங்களுக்கு ஸ்டாம்பிங் இல்லை, எக்ஸ்டென்ஷன் பெண்டிங் இல்லை. உங்கள் கணக்கை யாரும் திறக்கச் சொல்லவில்லை. வாயை மட்டும் யாருக்காக மூடி வைத்திருக்கிறீர்கள்?