மூன்றாவது கிட்டாரின் நியாயம்

தரங்கம்பாடியில் கோட்டை கட்ட 1620இல் டேனியருக்கு இடம் கொடுத்த தஞ்சை ரகுநாத நாயக்கர், கிட்டார் வாங்கிக் குவிப்போரின் முதல் சாக்கையும் அப்போதே பறித்துவிட்டார். அதுவரை ராகத்துக்கேற்ப மெட்டுகளை நகர்த்த வேண்டிய வீணைகள் இருந்தன. அவர் பெயர் தாங்கிய வீணையிலோ 24 மெட்டுகளும் மெழுகில் நிலையாகப் பதிந்தன. எல்லா ராகத்துக்கும் ஒரே பலாமர வீணை போதுமென்றாயிற்று. "ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு நாதமாச்சே?" என்பார்கள். வாஸ்தவம்தான், எஃகுக் கம்பியும் நைலான் கம்பியும் ஒன்றல்ல. ஆனால் அந்த நியாயம் இரண்டு கிட்டாரோடு தீர்ந்துபோகிறது. மூன்றாவதிலிருந்து வாங்குவதெல்லாம் பெரும்பாலும் நிறத்தைத்தான். விரலுக்கு வராத கார்டு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை என்பதால், ஆசை வரும்போதெல்லாம் பழைய கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிப் பார்க்கலாம். செலவு கொஞ்சம், வீட்டில் விளக்கம் சொல்லவும் வேண்டியதில்லை.